பேரும் பங்கும்

மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. காலையில் பிரட்டுக்கு நின்று, நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தவருக்கு அன்று ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது அங்கே ஒருவரை அழைக்கும் பெயரன்று; ஒரு நாட் சம்பளம். மாத முடிவில் விழுந்த பேர்களை எண்ணியே கடைக்கடன் தீர்க்கும் மக்கள், பேருக்கும் பேற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிறர் சொல்லி அறியவேண்டியவர்கள் அல்லர். அத்தகைய மக்களுக்கே இன்று புதிய பேரொன்று சூட்டப்படுகின்றது. ‘பங்காளர்’ என்பது அப்பேர். இம்முறை விழுவது முழுப்பேரா, அரைப்பேரா என்பதே கேள்வி.

கடந்த பத்தாண்டுக் காலமாகப் பெருந்தோட்டக் கம்பனிகளின் தரப்பிலிருந்து ஒரு வாதம் இடையறாது முன்வைக்கப்படுகின்றது. நாட்சம்பள முறை குடியேற்ற ஆட்சிக் காலத்தின் எச்சம். அது தொழிலாளியைக் கூலியாகவே வைத்திருக்கின்றது. உற்பத்தித் திறனையும் கெடுக்கின்றது. அதற்கு மாற்றாக, வருமானப் பகிர்வு முறை என்றும் அவுட்குரோவர் முறை என்றும் வழங்கப்படும் ஏற்பாடு வரவேண்டும் என்பர். அதன்படி ஒரு குடும்பத்தின் பொறுப்பில் குறித்த அளவு தேயிலைச் செடிகள் ஒப்படைக்கப்படும். களையெடுப்பதும் கொழுந்து பறிப்பதும் அக்குடும்பத்தின் கடமை. உரத்தையும் மருந்தையும் கம்பனி வழங்கி, அவற்றின் செலவைக் கணக்கிற் கழித்துக்கொள்ளும். பறித்த கொழுந்தைக் கிலோவுக்கு இன்ன விலையென்று கம்பனியே வாங்கும். கம்பனிக்குக் கம்பனி விவரங்கள் வேறுபடினும் முறையின் எலும்புக்கூடு இதுவே. இவ்வாறு தொழிலாளி கூலி நிலையிலிருந்து விடுபட்டுப் பங்காளராகின்றார் என்று சொல்லப்படுகின்றது.

இவ்வாதத்தை எள்ளி ஒதுக்குவது நேர்மையாகாது. ‘கூலி’ என்ற சொல் மலையக மக்களின் நெஞ்சில் ஏற்படுத்திய வடு ஆழமானது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் மேற்பார்வையிற் குனிந்து நின்றவர்க்கு, தம் பொறுப்பில் ஒரு நிரை தேயிலை, தம் விருப்பப்படி ஒரு வேலை நேரம் என்பன கவர்ச்சியானவையே. கூடுதலாகப் பறிக்கும் கை கூடுதலாகச் சம்பாதிப்பதும் உண்டு. ஆயின் வேலையின் கட்டு தளர்வது ஒன்று. உடைமையிற் பங்கு பெறுவது மற்றொன்று. முன்னதைக் கொடுத்துப் பின்னதன் பெயரை வைப்பதிலேதான் மயக்கம் பிறக்கின்றது.

தமிழர் வாழ்வில் பங்காளி என்ற சொல் காற்றிற் பிறந்ததன்று. மூதாதையர் நிலத்தைப் பிரிக்கும்போது உறுதியிற் கையொப்பமிடும் உரிமை உடையவனே பங்காளி. அவன் கையொப்பமின்றி நிலம் கைமாறாது. வயலில் உழுதவன், அறுத்தவன், நெல்லிற் கூலி அளந்து பெற்றவன் ஆகியோர் விளைச்சலிற் பகுதி பெற்றார்கள் என்பதற்காகப் பங்காளிகள் என்று அழைக்கப்பட்டதில்லை. விளைச்சலிற் பகுதி பெறுவது வேறு. விளைநிலத்திற் பங்குடைமை வேறு. இவ்வேறுபாட்டை நாட்டுப்புறத்து வழக்கே தெளிவாக வைத்திருக்கின்றது.

பங்காளர் என்ற பேரால் மயங்கியோர் தோட்டத் தொழிலாளர் மட்டுமல்லர். சட்டத்தையே தொழிலாகக் கொண்ட மேனாட்டுச் சட்டத்தரணிகளின் நிறுவனங்களிலும் இதே சிக்கல் எழுந்துள்ளது. லண்டனிலும் நியூயோர்க்கிலுமுள்ள பெருஞ் சட்ட நிறுவனங்களின் கடிதத் தலைப்பில் இருவகையினர் ஒரே பேரால் குறிக்கப்படுவர். ஒருவர் உரிமைப் பங்காளர். அவர் மூலதனம் இடுகின்றார், செலவு போக எஞ்சும் இலாபத்திற் பங்கு பெறுகின்றார், நட்டத்தையும் தாங்குகின்றார், யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதில் வாக்களிக்கின்றார். மற்றவர் பெயர்ப் பங்காளர். அவருக்கு நிர்ணயித்த சம்பளமும், மதிப்பான பேரும், மேசையும் உண்டு. வாக்கு இல்லை, மூலதனம் இல்லை, எஞ்சும் இலாபத்தின்மேல் உரிமை இல்லை. வாசலில் பதித்த பித்தளைத் தகட்டில் இருவர் பெயரும் ஒரே அளவான எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். வேறுபாடு கணக்குப் புத்தகத்தினுள்ளேதான் தெரியும்.

இவ்விடத்திற் சட்டம் சொல்வது யாது? 1890ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் இலாபத்திற் பங்கு பெறுவதைப் பங்குடைமைக்கு ஒரு முதற் சான்றாகக் கொள்கின்றது. ஆனால் ஊழியனுக்குரிய ஊதியத்தை இலாபத்தின் ஒரு பகுதியாகக் கொடுப்பதால் மட்டும் அவன் பங்காளனாகிவிடமாட்டான் என்பதையும் உடனேயே சொல்லிவைக்கின்றது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பங்காளர் எல்லோரும் நிர்வாகத்திற் பங்குகொள்ளலாம். கணக்கேடுகளைப் பார்வையிட்டுப் பிரதி எடுக்கலாம். அனைவரின் சம்மதமுமின்றிப் புதிய பங்காளர் ஒருவரைச் சேர்த்தல் இயலாது. பங்குடைமை பற்றிய ஆங்கிலச் சட்டம் 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கும் உரியதாயிற்று. ஆகவே இது கடல் கடந்த செய்தியன்று. மஸ்கெலியாவிலும் செல்லுபடியாகும் அளவுகோல்.

பேரைப் பார்க்காது பொருளைப் பார்க்கவேண்டும் என்பதை 1973இல் ஆங்கில நீதிபதி மெகாரி தெளிவுறுத்தினார். சம்பளம் பெறும் பங்காளர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் உண்மையிற் பங்காளரா என்பது, அவருக்கும் ஏனையோருக்கும் இடையிலான உறவின் சாரத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படும் என்றார் அவர். 1999இல் அமெரிக்காவின் சிட்லி ஒஸ்டின் என்னும் பெருஞ் சட்ட நிறுவனம் 32 பங்காளர்களைத் தரமிறக்கியது. வயதைக் காரணமாக்கி ஊழியரைப் பாதிக்கலாகாது என்ற சட்டத்தின் கீழ்ச் சமவாய்ப்பு வேலை ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. அவர்கள் பங்காளர், ஊழியரல்லர் என்பது நிறுவனத்தின் வாதம். இலாபத்திற் பங்கு பெற்றவர்களே ஆயினும், நிறுவனத்தை ஆளும் அதிகாரம் ஒரு சிறு குழுவின் கையில் இருந்ததாதலால் அவ்வாதத்தை 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் எளிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. 2007இல் 2 கோடி 75 இலட்சம் டொலர் கொடுத்து நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2014இலோ ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், கிளைட் அன் கோ என்ற சட்ட நிறுவனத்தின் உறுப்பினரான சட்டத்தரணி ஒருவர், முறைகேட்டை வெளிப்படுத்தியவருக்குரிய பாதுகாப்பைப் பெறும் பொருட்டுத் ‘தொழிலாளி’ என்ற வரைவிலக்கணத்துள் அடங்குவார் என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகளிலுள்ள முரண்நகை கவனிக்கத்தக்கது. உயர்ந்த கல்வியும் பெரிய வருவாயும் உடைய லண்டன் சட்டத்தரணி, நெருக்கடி வந்தபோது பங்காளர் என்ற பேரைவிடத் தொழிலாளி என்ற பேரே தமக்குக் காப்பு என்று கண்டு நீதிமன்றம் ஏறினார். மஸ்கெலியாவின் கொழுந்துப் பெண்ணிடமோ தொழிலாளி என்ற பேரைக் கழற்றி வைத்துவிட்டுப் பங்காளர் என்ற பேரை அணிந்துகொள்ளும்படி சொல்லப்படுகின்றது. சட்டம் அறிந்தவர் இறுகப் பற்றிக்கொள்வதைச் சட்டம் அறியாதவர் கைநழுவ விடவேண்டும் என்பது எந்த நீதி?

கழற்றி வைக்கும்படி கேட்கப்படும் அப்பேரோடு சேர்ந்து போவன எவை என்று கணக்கிட வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் நூற்றுக்கு 12 வீதம் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். 2024 செப்டெம்பர் வர்த்தமானி நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால் இவ்விரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 202 ரூபா 50 சதம். வாரத்தில் மூன்று நாட்கள் கிலோக் கணக்குக்கு மாற்றப்பட்டால், மாதத்தில் 12 நாட்களுக்கு 2,430 ரூபா தொழிலாளியின் முதுமைச் சேமிப்பிலிருந்து மறைந்துவிடும். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் நாட்சம்பளத் தொழிலாளிக்கு நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் வழங்குகின்றது. 30 ஆண்டு உழைத்து 1,350 ரூபா சம்பளத்தில் விலகுபவருக்கு அது 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. பங்காளருக்குப் பணிக்கொடை இல்லை; தமக்குத் தாமே யார் பணிக்கொடை கொடுப்பர்? சம்பளம் உயர உயர இவ்விழப்பும் உயரும்.

பணம் மட்டுமன்று. தேயிலை மலையிற் குளவி கொட்டி வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்படுவோர் பற்றிய செய்தி மலையகத்திற்குப் புதிதல்ல. வேலையில் விபத்து நேர்ந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. பிள்ளைப்பேற்றுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உண்டு. பிணக்கு எழுந்தால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் உண்டு. இவை ஒவ்வொன்றும் வாசலிற் கேட்கும் முதற் கேள்வி ‘நீர் ஊழியரா?’ என்பதே. அதற்கு ‘இல்லை, பங்காளர்’ என்று விடை சொல்லுமாறு ஒரு பெண்ணைப் பழக்குவது அவளை உயர்த்துவதாகாது. வாசலுக்கு வெளியே நிறுத்துவதாகும். தோட்டங்களிற் ‘கைக்காசு’ என்று ஒரு வழக்கம் உண்டு. பேர் போடாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று கையிற் காசு கொடுத்துப் பறிக்கவைப்பது அது. வருமானப் பகிர்வு என்று புதுப்பெயர் பூண்டு வருவதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்பழைய கைக்காசே.

பங்கு என்ற சொல் மலையகத்தில் இதற்கு முன்பும் பலமுறை வந்து போயிருக்கின்றது. கங்காணி முறை கோலோச்சிய காலத்தில் பெரிய கங்காணிக்கு, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கணக்கிட்டுத் தலைக்காசு கொடுக்கப்பட்டது. தலைப்பாகையும், கோட்டும், கைத்தடியும், ஆட்களின் மேல் அதிகாரமும் அவருக்கு இருந்தன. தோட்டத்தின் ஒரு பேர்ச் நிலமும் அவர் பெயரில் இருக்கவில்லை. பெயர்ப் பங்காளர் என்போரின் முன்னோடி அவரே எனலாம். அவரேனும் பிறர் உழைப்பின்மேற் காசு பெற்றார். இன்றைய பங்காளருக்குத் தம் குடும்பத்தின் உழைப்பே காசு. நாட்கணக்குப் போய்க் கிலோக் கணக்கு வருமிடத்து, பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கையும் கூடைக்குள் வந்துவிடும் என்பதை ஊகித்தறிவது கடினமன்று.

கூட்டு ஒப்பந்தங்களிலும் பங்கு வந்தது. 2016இல் 730 ரூபா என்று அறிவிக்கப்பட்ட நாட்சம்பளத்தின் உள்ளே ‘விலைப் பங்குக் கொடுப்பனவு’ என்று 30 ரூபா இருந்தது. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக, அக்கொடுப்பனவு 50 ரூபாவாயிற்று. விலையிற் பங்கு என்றால் விலை ஏறும்போது ஏறவேண்டும். ஏலவிலை ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பந்தக் காலம் முழுவதும் அசையாது கிடந்த ஒரு தொகைக்குப் பங்கு என்ற பேர் எவ்வாறு பொருந்தும்?

உண்மையான சோதனை 2022இல் வந்தது. 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடையால் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 30 கோடி கிலோவிலிருந்து சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. ஆயின் ரூபாவின் பெறுமதி சரிந்தமையால் கொழும்பு ஏலத்தின் சராசரி விலை ரூபாக் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் அவ்வாறே ஏறின. 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளமோ 2024 வரை அங்கேயே நின்றது. மெய்யான பங்காளராக இருந்திருப்பின் அவ்விலை ஏற்றத்தின் ஒரு பகுதி லயத்து வாசலுக்கும் வந்திருக்கவேண்டும். அன்று, ‘வாருங்கள், நீங்களும் எங்கள் பங்காளர்; இதோ உங்கள் பங்கு’ என்று அழைத்தவர் யார்? விலை ஏறும்போது தொழிலாளி, விளைச்சல் விழும்போது பங்காளர் என்பது பங்குடைமையன்று. வரவை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு இடரை மட்டும் வேறிடத்திற் சுமத்தும் உபாயம் அது.

‘தொழிலாளருக்கு மெய்யான பங்கும் கொடுக்கப்பட்டதே’ என்று மறுப்புரைப்பார் உளர். அது உண்மையே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையின் கீழ் வந்தன. பின்னர் 2045 வரை நீளும் 53 ஆண்டுக் குத்தகையில் நிலம் கம்பனிகளுக்கு அளிக்கப்பட்டு, அவற்றின் 51 வீதப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. ஒரு கம்பனியின் ஆயிரக்கணக்கான தொழிலாளரிடையே சிதறிய 10 வீதம், ஒரே கையிற் குவிந்த 51 வீதத்தின் முன் என்ன செய்யும்? பணிப்பாளர் ஒருவரை அமர்த்துமா? ஒரு தீர்மானத்தைத் தடுக்குமா? தாளில் உரிமைப் பங்கு. நடைமுறையிற் பெயர்ப் பங்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆயின் அதே தனியார்மயத்தின்போது இன்னொரு பங்கும் உருவாக்கப்பட்டது. அதன் பெயர் பொன் பங்கு. கம்பனிக்கு ஒன்றே ஒன்று. அரசின் சார்பில் திறைசேரிச் செயலாளரின் கையில் உள்ளது. இலாபத்தில் அது பெரிதாக எதையும் கொண்டுவருவதில்லை. ஆனால் இரு வாரகால அறிவித்தலின் பேரில் அதனை உடையவர் கம்பனியின் கணக்கேடுகளைப் பரிசோதிக்கலாம். காலாண்டுக்கு ஒருமுறை விரிவான அறிக்கை பெறலாம். அவர் சம்மதமின்றிக் குத்தகை நிலத்தைக் கீழ்க்குத்தகைக்கு விடமுடியாது. தொழிலாளரின் 10 வீதத்தால் இயலாததை அரசின் ஒற்றைப் பங்கு இயலச் செய்கின்றது. இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. பங்கின் பெருமை அதன் எண்ணிக்கையில் இல்லை. அதனோடு பிணைந்த உரிமையில் உள்ளது. அவ்வுரிமைகளை எழுதும் வழி கம்பனிகளுக்கும் அரசுக்கும் தெரியாததன்று. தமக்கு வேண்டியபோது எழுதினார்கள்; தொழிலாளிக்கு எழுத மறந்தார்கள்.

காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிறுதோட்ட உரிமையாளரைக் காட்டி, ‘அவர்களும் கொழுந்தைக் கிலோக் கணக்கில் விற்றுத்தானே வாழ்கின்றனர்’ என்று சிலர் வினவுவர். உண்மைதான், நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி அவர்கள் தருவது. ஆயின் அவர்கள் நிற்கும் நிலம் அவர்களுடையது. அதனை ஈடு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம், ஒரு தொழிற்சாலை குறைந்த விலை தந்தால் கொழுந்தை மற்றொன்றுக்குக் கொடுக்கலாம். விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற விலைச் சூத்திரம் ஒன்றும் அவர்களுக்கு உண்டு. மஸ்கெலியாவின் புதிய பங்காளருக்கு நிலமும் இல்லை, வேறு வாங்குவோரும் இல்லை. குடியிருக்கும் லயத்து அறையே தமதென்று சொல்ல உறுதியில்லாதோர் பலர். சிறுதோட்ட உரிமையாளரின் இடர் அனைத்தையும் கொடுத்து, அவருடைய உரிமைகளில் ஒன்றையும் கொடாது விடுவதற்குப் பங்குடைமை என்று பெயரிடுதல் தகுமா?

ஆகவே பங்காளர் என்று அழைக்க விரும்புவோர் முன் ஐந்து வினாக்கள் வைக்கப்படவேண்டும். நிலத்தின்மேல் எழுதப்பட்ட உரிமை, குறைந்தது கம்பனியின் குத்தகைக் காலம் வரையேனும், குடும்பத்துக்கு உண்டா? கொழுந்து விலையைத் தீர்மானிக்கும் மேசையில் இருக்கை உண்டா? தொழிற்சாலைக் கணக்கையும் ஏலக் கணக்கையும் பார்க்கும் உரிமை உண்டா? விலை ஏறும் ஆண்டில் எஞ்சிய இலாபத்திற் பகுதி உண்டா? பங்காளர் சம்மதமின்றி அவரை நீக்க இயலாது என்ற உறுதி உண்டா? ஐந்துக்கும் ‘ஆம்’ என்றால் நாட்சம்பளத்தைக் கைவிடுவது பற்றிப் பேசலாம். ‘இல்லை’ என்றால் அவர் தொழிலாளியே. தொழிலாளிக்குரிய சம்பளமும், சேமலாப நிதியும், பணிக்கொடையும் சதம் குறையாது கொடுக்கப்படவேண்டும். ஒரு நாள் இதுவாகவும் மறுநாள் அதுவாகவும் இருக்க முடியாது.

இவ்வினாக்களை எழுப்பவேண்டிய தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத் தொகையைப் பற்றிய பேரத்திலேயே நீண்டகாலம் நின்றுவிட்டன. ஆயிரமா, ஆயிரத்து எழுநூறா என்ற கேள்விக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பகுதியேனும், கணக்கேடு யார் கையில் என்ற கேள்விக்குக் கிடைத்ததில்லை. தொழிலாளர் சார்பில் கம்பனிக்கு ஒரு பொன் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை எந்த மேதின மேடையிலும் முதற் கோரிக்கையாக எழவேண்டியது. அதனை உடையவர் திறைசேரிச் செயலாளரைப் போல ஏடுகளைத் திறந்து பார்க்கலாம். குத்தகை நிலத்தைத் துண்டாடும் திட்டத்துக்குக் கையொப்பமிடலாம், அல்லது மறுக்கலாம். பல்கலைக்கழகங்களிற் சட்டமும் வணிகமும் பயிலும் மலையக மாணவர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். ஒப்பந்தத் தாளை லயத்து விளக்கொளியில் தாய்க்கும் தந்தைக்கும் வாசித்துக் காட்டி, எந்த வரியில் எது பறிபோகின்றது என்று சுட்டிக்காட்டும் கடன் அவர்களுடையது. பட்டம் பெற்றவரின் விரிவுரையிலும் இத்தகைய வாசிப்பே அங்கு அதிகம் வேண்டப்படுகின்றது.

மஸ்கெலியாவின் பழைய நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. கோடையில் நீர் வற்றும்போது அதன் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். புதிய நகரம் மேட்டில் எழுந்தது, பேர் மாறவில்லை. நகருக்குப் பேரை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மாற்றினார்கள். தொழிலாளிக்கோ இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு பேரை மட்டும் மாற்ற முனைகின்றார்கள். அவர் நிற்கும் இடம் மாறவேண்டும். நிலத்தில் உரிமையும், கணக்கில் பார்வையும், உறுதியிற் கையொப்பமும் வந்த பின்னர், அவரை எப்பேரிட்டு அழைத்தாலும் அது முழுப்பேராகவே விழும்.